நம்பர் தெரியாத கேமராவும் டி.என். வண்டிக்காரனும்

மைசூரில் எந்த லேஅவுட்டுக்குள் நுழைந்தாலும் இப்போது முதலில் வரவேற்பது கேமராதான். குவெம்புநகர், விஜயநகர், போகாதி என்று எங்கே போனாலும் கேட் கம்பத்தில் ஒன்று, எதிர்வீட்டு பால்கனியில் ஒன்று, மூலைக்கடை ஷட்டர் மேலே ஒன்று. நல்ல விஷயம்தானே, இதற்கு என்னத்துக்கு ஒரு பதிவு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். லேஅவுட் வாசலில் மாட்டுகிற சாதாரண அகலக் கோணக் கேமரா, ராத்திரியில் ஓடும் வண்டியின் நம்பரைப் படிக்காது. படிக்காமல் சும்மா இருந்தால்கூடப் பரவாயில்லை. அரைகுறையாக ஒரு படத்தைக் காட்டி, சந்தேகத்தைக் கிளப்பிவிட்டுப் போய்விடும். அந்தச் சந்தேகம் யார் தலையில் விடியும்? வெளியூர்க்காரன் தலையில். அதாவது நம் தலையில். ஆகவே, "வைக்கிறதாக இருந்தால் நம்பர் படிக்கிற கேமராவாக வை, இல்லையென்றால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே" என்று அசோசியேஷன் மீட்டிங்கில் முதலில் கை தூக்க வேண்டியது நாம்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கணவருக்கு ஹெப்பால் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் வேலை. ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியாததால் மாதத்துக்கு இரண்டு தடவை போய்வருவார்கள். வெள்ளை ஹேட்ச்பேக், டி.என். 69. ஒருநாள் ராத்திரி அவர்கள் லேஅவுட்டில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் ஒன்றை ஏதோ ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. காலையில் ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக் கார். முன்பக்கம் முழுக்க ஹெட்லைட் வெளிச்சம், ஒரே பால். பின்பக்கம் தெரியும்போது, நம்பர் பிளேட் இருக்கவேண்டிய இடத்தில் ட்யூப்லைட் மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. அவ்வளவுதான்.

அந்த மூன்று நொடி வீடியோவை வைத்துக்கொண்டு பதினோரு மணிக்குள் வாட்ஸப்பில் தீர்ப்பு வந்துவிட்டது. "நம்ம லேஅவுட்டில் வெள்ளை வண்டி யார் யாரிடம் இருக்கிறது?" என்று ஒருவர். "அந்தத் தமிழ்நாடு வண்டி ராத்திரியில்தானே வரும்?" என்று இன்னொருவர். சாயங்காலம் வாசலில் இரண்டு பேர். "இது நிம்ம காடீனா, சார்?" மரியாதையாகத்தான் கேட்டார்கள். அந்த மனுஷர் செல்போனை எடுத்து பாஸ்டேக் மெசேஜைக் காட்டினார். ஸ்கூட்டர் விழுந்த நேரத்துக்கு அவர் வண்டி மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் டோல்கேட்டில் காசு கட்டியிருக்கிறது! வந்தவர்கள் சாரி சொல்லிவிட்டுப் போனார்கள். வாட்ஸப்பில் மட்டும் யாரும் சாரி சொல்லவில்லை. இடித்தது யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது.

அந்த அக்கா கேட்டது இது: "மெசேஜ் இல்லாட்டி நாங்க என்னத்தக் காட்டியிருப்போம் தம்பி?"

மங்கலான படத்தின் குணமே இதுதான். அது யாரையும் புதிதாகக் காட்டாது. பார்க்கிறவன் மனதில் ஏற்கெனவே யார் மேல் சந்தேகம் இருக்கிறதோ, அவனைக் காட்டும். வெள்ளைப் பட்டையில் கே.ஏ. 09 என்று நினைத்தால் கே.ஏ. 09. டி.என். என்று நினைத்தால் டி.என்.

ஒரு ஸ்கூட்டர் கீறலுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வண்டியில் இருக்கிற அந்த இரண்டு எழுத்துக்கு இந்த மாநிலத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்தபோது பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர்கள் அடிபட்டார்கள், ஊரை விட்டு ஓடினார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனியின் டிப்போவில் நின்ற முப்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. ரோட்டில் டி.என். பிளேட் லாரிகளைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். மைசூர்க்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக என் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு கன்னடத்து அம்மாவிடம்தான் இருக்கிறது. ஆனால் சந்தேகம் என்பது நல்லவர்களிடமும் வரும். அதற்குத் தீனி போடாமல் இருக்க வேண்டும். மங்கலான வீடியோ அதற்கு நல்ல தீனி.

சரி, மேட்டருக்கு வருவோம். ஏன் நம்பர் தெரிவதில்லை? கேமரா ரிப்பேரா? இல்லை. அதைச் செய்யச் சொன்ன வேலையை அது ஒழுங்காகத்தான் செய்கிறது. சொன்ன வேலைதான் வேறு.

முதல் காரணம், பிளேட்டே. இப்போதைய உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஷீட் ஒட்டியிருக்கும். எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வந்ததோ அதே திசைக்கே திருப்பி அடிக்கும். கேமராவைச் சுற்றியுள்ள இன்ஃப்ராரெட் பல்புகளின் ஒளி பிளேட்டில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பி வருகிறது. கேமராவோ இருட்டான தெருவைக் காட்டுவதற்காகக் கண்ணை அகலத் திறந்து வைத்திருக்கிறது. தெரு தெரியும், பிளேட் வெந்து போய் வெள்ளையாகிவிடும்.

இரண்டாவது, ஷட்டர். ஆட்டோவில் விட்டால் ராத்திரியில் ஒரு படத்துக்கு 1/25 நொடி, சில சமயம் அதற்கும் மேலே எடுத்துக்கொள்ளும். 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் எட்டேகால் மீட்டருக்கு மேல் ஓடும். 1/25 நொடியில் 33 செ.மீ. கார் பிளேட்டின் மொத்த நீளமே 50 செ.மீ.தான், எழுத்தின் உயரம் 6.5 செ.மீ., கோட்டின் தடிமன் 1 செ.மீ. ஒரு செ.மீ. கோடு 33 செ.மீ. இழுபட்டால் என்ன தெரியும்? நேர் எதிரே வரும் வண்டியானால் இழுவை குறையும், குறுக்கே போனால் முழுசாகவே அழிந்துவிடும்.

மூன்றாவது, லென்ஸ். லேஅவுட் முழுக்க ஒரே கேமராவில் தெரிய வேண்டும் என்று 2.8 மி.மீ. லென்ஸ் போடுவார்கள். பத்து மீட்டர் தூரத்தில் அது சுமார் 24 மீட்டர் அகலத்தைப் பார்க்கும். 4 மெகாபிக்சல் கேமராவில் குறுக்கே 2688 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள், ஒரு மீட்டருக்கு 110 சொச்சம். அரை மீட்டர் பிளேட்டுக்கு ஐம்பத்தைந்து புள்ளி, ஓர் எழுத்தின் உயரத்துக்கு ஏழே ஏழு. கண்காணிப்புக் கேமராவுக்கான ஐரோப்பியத் தரத்தில் ஓர் ஆளை அடையாளம் காணவே மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும் என்கிறார்கள். நாம் அதில் பாதிகூட இல்லை. இது பட்டப்பகல் கணக்கு! இதற்கு மேல்தான் ராத்திரி இருட்டும் ஹெட்லைட்டும்.

2024 டிசம்பர் 31 அதிகாலையில் மைசூர் இன்ஃபோசிஸ் வளாகத்துக்குள் சிறுத்தை நடமாடியது கேமராவில்தான் தெரிய வந்தது. ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். "பார்த்தீர்களா, ராத்திரி கேமரா எவ்வளவு பவர்" என்று கடைக்காரர் இதைச் சொல்லி விற்கக்கூடும். ஐயா, வந்தது சிறுத்தை என்று தெரிந்தால் போதும், அதற்கு நம்பர் பிளேட் கிடையாது :-) ஏதோ ஒன்று வந்தது என்று தெரிவது வேறு, வந்தது யார் என்று தெரிவது வேறு. நாம் காசு கொடுப்பது இரண்டாவதற்கு, வீட்டுக்குக் கொண்டுவருவது முதலாவதை.

அப்படியானால் ராத்திரியில் நம்பரைப் படிக்கவே முடியாதா? பெங்களூரு–மைசூரு ஹைவேயில் 100ஐத் தாண்டி மிதித்துப் பாருங்கள். 2024 முதல் அங்கே இருக்கிற கேமராக்கள் நம்பரைப் படித்து, அபராதச் செய்தியை செல்போனுக்கே அனுப்பிவிடும். நம்பரை மெஷின் படிக்கிற வித்தையை பிரிட்டிஷ் போலீஸின் ஆராய்ச்சிப் பிரிவு 1976லேயே கண்டுபிடித்துவிட்டது. ஆக, முடியாதது ஒன்றுமில்லை. அதற்கென்று ஒரு கேமரா, அதற்கென்று ஓர் இடம், அதற்கென்று செட்டிங். அவ்வளவுதான். அந்த வேலையை லேஅவுட் கேட்டில் செய்ய ஹைவே பட்ஜெட்டும் வேண்டாம்.

மீட்டிங்கில் பேசுவதற்குத் தயாராக, பாயின்ட் பாயின்டாகச் சொல்கிறேன்.

1. நம்பருக்குத் தனிக் கேமரா. தெருவைப் பார்க்க ஒன்று, பிளேட்டைப் பார்க்க ஒன்று. ஒரே கேமரா இரண்டையும் செய்யாது. பிளேட் கேமராவில் ராத்திரியில் பிளேட்டும் விளக்கும் மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் கறுப்பு. "படம் இருட்டாக இருக்கிறதே" என்று யாராவது செட்டிங்கை மாற்றினால் கதை முடிந்தது. அது இருட்டாகத்தான் இருக்க வேண்டும்.

2. லென்ஸ் 12 மி.மீ. மாதிரி குறுகலாக இருக்கட்டும். பத்து மீட்டரில் நாலரை மீட்டர் அகலம் தெரியும், ஒரு கேட்டுக்கு அதுவே தாராளம். 2 மெகாபிக்சல் கேமராகூட மீட்டருக்கு 400 புள்ளி தரும். 8 மெகாபிக்சல் என்று அதிகக் காசு கொடுக்கவே வேண்டாம்.

3. ஷட்டரை ஆட்டோவிலிருந்து எடுத்து 1/500 அல்லது 1/1000 என்று கையால் வையுங்கள். கேட்டுக்கு உள்ளே ஒரு சின்ன வேகத்தடை இருந்தால் வண்டி 10 கி.மீ.க்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் 1/500 நொடிக்கு வண்டி நகர்வது 6 மி.மீ.கூட இல்லை. எழுத்து எழுத்தாகவே நிற்கும்.

4. வண்டியின் பின்பக்கத்தைப் பிடியுங்கள். முன்பக்கத்தில் ஹெட்லைட் கண்ணைக் குத்தும். பைக்குகளில் முன் பிளேட் சின்னது, வளைத்தும் வைத்திருப்பார்கள். பின் பிளேட்தான் நிம்மதி.

5. வண்டி போகும் பாதைக்கும் கேமரா பார்க்கும் திசைக்கும் இடையே 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். மூன்றாம் மாடியிலிருந்து கீழே பார்க்கிற கேமரா மொட்டைத் தலையையும் கார் கூரையையும்தான் எண்ணும்.

6. கடைசியாக, முக்கியமாக: மாட்டுகிற தம்பியிடம் மத்தியானம் கையெழுத்துப் போட்டுக் காசு கொடுக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். அவருடைய பைக்கிலேயே ஒரு ரவுண்டு போகட்டும், ரெக்கார்டிங்கைப் போட்டு நம்பரை வாய்விட்டுப் படிக்கட்டும். படித்தால் காசு.

இதைச் சொன்னால் உடனே இரண்டு எதிர்ப்பு வரும். முதல் எதிர்ப்பு, "கேமரா இருக்கிறது என்று தெரிந்தாலே திருடன் பயப்படுவான், நம்பர் எதற்கு?" ஐயா, பயப்படுவதற்கு டம்மி கேமரா போதுமே, அதில் தீர்ப்பு எழுதாமல் இருப்பீர்களா? பயமுறுத்த வைத்ததைச் சாட்சியாக்குவதுதான் இங்கே பிரச்சினை.

இரண்டாவது எதிர்ப்பு நம் ஆட்களிடமிருந்தே வரும். "நம்பர் தெளிவாகத் தெரிந்தால் நமக்குத்தானே ஆபத்து? டி.என். வண்டி யார் யார் என்று லிஸ்ட் போட்டுவிடுவார்களே?" நியாயமான பயம். 1991ஐப் பார்த்தவர்களுக்கு இது வெறும் கற்பனை இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், லிஸ்ட் போட கேமராவே வேண்டாம். பகலில் பார்க்கிங்கில் ஒரு சுற்று நடந்தால் போதும். கேட்டில் செக்யூரிட்டி அண்ணனின் நோட்டிலும் நம் நம்பர் ஏற்கெனவே இருக்கிறது. மங்கலான கேமரா நம்மை மறைக்கவில்லை, செய்தவனைத்தான் மறைக்கிறது. அந்த ஸ்கூட்டர் விவகாரத்தில் நம்பர் தெரிந்திருந்தால் தூத்துக்குடிக்காரர் வீட்டு வாசலுக்கு யாரும் வந்திருக்கவே மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து வேண்டும். மருந்து, விதிமுறை. கேமராவுக்குச் சம்மதம் என்று சொல்லும் அதே மூச்சில் இதையும் கேளுங்கள்.

ரெக்கார்டிங்கை யார் பார்க்கலாம்? இரண்டு பேர், பெயர் சொல்லி, தீர்மானத்தில் எழுதி. பார்த்தால் எப்போது, எதற்கு என்று ஒரு நோட்டில் கையெழுத்து. எத்தனை நாள் இருக்கும்? 30 நாள், பிறகு தானாக அழிய வேண்டும். நான் சும்மா சொல்லவில்லை, கூட்டம் சேரும் நிறுவனங்களுக்கு கர்நாடகாவின் 2017ஆம் வருஷத்துப் பொதுப் பாதுகாப்புச் சட்டம் சேமிக்கச் சொல்வதும் 30 நாள்தான். ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் 30 நாளைக்கு 650 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க்கில் அடங்கிவிடும்.

வாட்ஸப்பில் ஒரு ஃப்ரேம்கூட போகக்கூடாது. இது முதல் விதி. டிவியில் ஓடுவதை செல்போனில் படம் பிடித்து ஃபார்வர்ட் பண்ணுவது சாட்சியமே இல்லை, அது வம்பு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம், 63ஆம் பிரிவில், எலெக்ட்ரானிக் ஆதாரத்தோடு சான்றிதழ் கேட்கிறது. ஃபைல் மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணும் அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் உண்டு. பழைய சட்டத்தில் 65பி என்று இருந்ததன் புது வடிவம். ஆகவே ஏதாவது நடந்தால் ஒரிஜினல் ரெக்கார்டிங்கை அப்படியே போலீஸிடம் கொடுப்பதுதான் வேலை. ரெக்கார்டரின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். இருபது நிமிஷம் தப்பாக ஓடும் கடிகாரம் ஒரு நிரபராதியை மாட்டிவிடும், பாஸ்டேக் மெசேஜையும் பொய்யாக்கிவிடும்.

"எங்கள் கேமரா, எங்கள் இஷ்டம்" என்று யாராவது சொன்னால், 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னதை ஞாபகப்படுத்துங்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. தனி ஆள் தன் வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பதற்கு அதில் விலக்கு உண்டு. நூறு வீட்டு வண்டி நம்பரைச் சேர்த்து வைக்கும் சங்கம், தன்னைத் தனி ஆள் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

பாஸ்வேர்டு பற்றியும் ஒரு வரி. 2016 அக்டோபரில் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுக்க கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் வளைத்துப் பிடித்து அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களையே முடக்கியது. அது நுழைந்த வழி, கம்பெனி வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாதது. உங்கள் லேஅவுட் ரெக்கார்டரின் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டுப் பாருங்கள். "அட்மின், ஒன் டூ த்ரீ ஃபோர்" என்று பதில் வந்தால் நம் வீட்டுக்கு யார் எப்போது வருகிறார்கள் என்பதை ஊரே பார்க்கலாம்.

ஊரைத் திட்டியாயிற்று, இனி நம்மையும் கொஞ்சம். மைசூருக்கு வந்து ஆறு வருஷம் ஆகியும் ரோடு டாக்ஸ் மிச்சம் பண்ண டி.என். பிளேட்டிலேயே ஓட்டுகிற அன்பர்களே, மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவு, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்கச் சொல்கிறது. மாற்றலாகிக்கொண்டே இருக்கும் வேலை என்றால் 2021 செப்டம்பரிலிருந்து பி.எச். வரிசை இருக்கிறது. அரசு ஊழியருக்கும், நான்கு மாநிலங்களிலாவது ஆபீஸ் வைத்திருக்கும் தனியார் கம்பெனி ஊழியருக்கும் கிடைக்கும். சட்டப்படி இருக்கிறவன் குரல்தான் மீட்டிங்கில் எடுபடும். ஊருக்குப் போய்வர, உறவுக்காரர் வண்டி, புதிதாக வந்த குடும்பம் என்று டி.என். பிளேட் நியாயமாக நிற்கும் வாசல்களும் நிறைய உண்டு. அவர்களுக்காகப் பேசும்போது நம் கை சுத்தமாக இருக்க வேண்டாமா?

அப்புறம் அந்த ஃபேன்சி பிளேட். சாய்ந்த எழுத்து, நடுவில் தலைவர் படம், கட்சிக் கலர், எட்டை சிங்கமாக்குவது, நாலைத் தலைகீழாக நிறுத்துவது. இதையெல்லாம் எந்தக் கேமராவும் படிக்காது, போலீஸ்காரர் மட்டும் நன்றாகப் படிப்பார். 2019 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த வண்டிகள் எல்லாம் உயர் பாதுகாப்புப் பிளேட்டோடுதான் வருகின்றன. அதற்கு முந்தின வண்டிகளுக்கும் மாற்றச் சொல்லி கர்நாடகா 2023இல் உத்தரவு போட்டு, கெடுவை நீட்டிக்கொண்டே போனது. கெடு நீளுகிறதே என்று உட்காராமல் மாற்றிவிடுங்கள். நம்பர் தெளிவாக இருப்பது நமக்குக் காவல். "அது என் வண்டி இல்லை" என்று சொல்ல வேண்டிய நாளில் அதுதான் சாட்சி சொல்லும்.

அடுத்த அசோசியேஷன் மீட்டிங்குக்குப் போகாமல் வீட்டில் சீரியல் பார்த்துவிட்டு, பிறகு "நம்மளையே சந்தேகப்படுறாங்க" என்று நமக்குள் புலம்புவதில் பிரயோஜனமில்லை. போய் உட்காருங்கள். கன்னடம் தெரிந்தால் கன்னடத்தில் கேளுங்கள், தெரியாவிட்டால் தெரிந்த அளவில் கேளுங்கள். மூன்றே கேள்வி. ராத்திரி பத்து மணிக்கு இந்தக் கேமராவில் நம்பர் தெரிகிறதா, இப்போதே போட்டுக் காட்டுங்கள். ரெக்கார்டிங்கை யார் யார் பார்க்கிறார்கள்? எத்தனை நாளில் அழிகிறது? மூன்றுக்கும் பதில் வரும்வரை, எந்த வீட்டு வாசலுக்கும் அந்த வீடியோவை எடுத்துக்கொண்டு யாரும் போகக்கூடாது என்று மினிட்ஸில் எழுத வையுங்கள்.

டிஸ்கி: நான் எந்தக் கம்பெனி கேமராவும் விற்கவில்லை. எது வாங்கட்டும் என்று கேட்டு மெயில் அனுப்பாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு எது நம்பரைப் படிக்கிறதோ, அதுதான்.